டயர் உரசினால் காரையா வெட்டுவது?

இலக்கியம் பேசும் இடத்தில் டயரைப் பற்றியா என்று அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளித்துவிட்டே படியுங்கள். இலக்கணம் நடத்திப் பிழைப்பவன் நான். ஆனாலும் இந்த வழக்கில் எனக்கொரு கட்சி உண்டு.

காரின் உயரத்தைக் குறைத்து, அகலமான அலாய் வீல் மாட்டிக்கொள்ளும் ஆசை எங்கள் முத்தாண்டிக்குப்பம் வரை வந்துவிட்டது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவேயுள்ள ஊர் இது. ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், இன்னொரு பக்கம் பண்ருட்டிப் பலா. இங்குள்ள வேகத்தடைகள் அவரவர் மனம்போல் எழுப்பியவை. (இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அப்படியொன்றைக் கண்டவர்கள் சொல்லுங்கள், மாலையோடு வருகிறேன்.) இந்தச் சாலையில் தாழ்த்திய வண்டியின் டயர், பள்ளத்திலும் திருப்பத்திலும் உரசத்தான் செய்யும். அதற்குப் பட்டறைகள் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று: வெட்டு. இதைத்தான் நான் மறுக்கிறேன். உரசல் நோயன்று, அறிகுறி. அறிகுறியை வெட்டி எறிந்தால் நோய் உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும்.

என் அக்கா மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். ஸ்பிரிங்கை வெட்டி 40 மி.மீ. இறக்கினான். அகன்ற வீல் போட்டான். உரசியது. ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) பின்பக்க மட்கார்டின் விளிம்பை அறுத்துவிட்டு, "இனி ஒரசாது" என்று உறுதி சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து, என் தாயாரை மருத்துவமனையிலிருந்து அந்தக் காரில்தான் அழைத்து வந்தேன். பின்னால் மூவர் இருந்தோம். வழியில் காற்று இறங்கியது போலிருக்கவே பஞ்சர் கடையில் நிறுத்தினோம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பெரியவர் சொன்னார்: "சார், இது பஞ்சர் இல்ல. பக்கவாட்டுல அறுத்து உள்ள நூல் தெரியுது. இதுலயா அம்மாவ ஏத்திட்டு வந்தீங்க?"

அறுத்த விளிம்பு கத்தி முனையாக நின்றிருக்கிறது. ஆளேறிப் பாரம் கூடியபோதெல்லாம் அது டயரைச் சீவியிருக்கிறது. காது கேட்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம்.

நிற்க. இரண்டு சொற்கள் சேரும்போது மாற்றம் ஏதுமின்றிச் சேர்ந்தால் அது இயல்புப் புணர்ச்சி. மாற்றம் நேர்ந்தால் விகாரம். ஒன்று புதிதாக வருவது தோன்றல், ஒன்று வேறாக மாறுவது திரிதல், ஒன்று மறைவது கெடுதல். பட்டறை வைத்தியம் முழுவதையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம்.

தோன்றல்: ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வைப்பது. இது சக்கரத்தை வெளியே தள்ளும். உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசினால் பயன்படலாம். மட்கார்டில் உரசும் வண்டிக்கு இதைப் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. போதாததற்கு, நட்டு பிடிக்கும் மரையின் நீளமும் குறையும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகுவதும் இதே இனம்; அந்தச் சுற்றை இயங்கவிடாமல் பாரத்தை மற்றச் சுற்றுகளின்மேல் ஏற்றும்.

திரிதல்: சூடேற்றி, உருளை கொண்டு மட்கார்டு விளிம்பை உள்பக்கம் மடிப்பது. பொறுமையாகச் செய்தால் சில மி.மீ. இடம் கிடைக்கும். அவசரப்பட்டால் பெயிண்ட் வெடித்து, அடுத்த ஐப்பசி மழையில் துருப்பிடிக்கும்.

கெடுதல்: அறுப்பது. பின் சக்கர வளைவின் விளிம்பில்தான் வெளித்தகடும் உள்தகடும் பற்றவைத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. அதை அறுத்தால் தையல் பிரிந்த துணிதான். ஸ்பிரிங்கை வெட்டுவதும் கெடுதலே. ஷாக் அப்சார்பர் ஓட இடமின்றி அடித்துக்கொள்ளும்; சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

இயல்புப் புணர்ச்சிக்கு வழி என்ன? கணக்குத்தான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். பழைய ரிம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45 என்று கொள்வோம். புதியது 7 அங்குலம், ஆஃப்செட் 35. வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். அதே 45-இல் 6 அங்குல ரிம் வாங்கியிருந்தால் இருபுறமும் சுமார் 6 மி.மீ.தான். கடையில் நின்று ஐந்து நிமிடம் போட வேண்டிய கணக்கு இது. போடாததற்கு அபராதமாகக் காரை அறுக்கிறோம்.

டயரிலும் இதே கதை. 185/65 R15-உம் 195/55 R16-உம் ஏறத்தாழ ஒரே உயரம், 621 மி.மீ. பக்கத்தில் இருக்கும் பார எண்ணையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 83 என்றால் 487 கிலோ. அகலம் கூடினால் பலமும் கூடும் என்பது வெறும் நம்பிக்கை.

ஏற்கெனவே உரசுகிறதா? டயரின் ஓரத்திலும் தோளிலும் சாக்பீஸைப் பூசுங்கள். நான்கு பேரை ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும், வேகத்தடையில் மெல்ல ஏறியும் பாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். பிளாஸ்டிக் லைனரில் மட்டும் என்றால் சூடேற்றி ஒதுக்கலாம். தகட்டில் என்றால் உயரத்தை மீட்டுக்கொடுங்கள், அல்லது குறைந்த அகலமும் சரியான ஆஃப்செட்டும் உள்ள ரிம்முக்கு மாறுங்கள். பிறகு அலைன்மென்ட் பாருங்கள்.

"இது எங்கள் ரசனை, வாத்தியாருக்கு என்ன?" என்பார்கள். ரசனையை நான் குறை கூறவில்லை. பின்சீட்டில் இருப்பவருக்கு அந்த ரசனையில் பங்கில்லை என்பதே என் வாதம். எதிர்த்திசையில் வருபவருக்கும் இல்லை.

"சட்டமே தடுக்கிறது, பேச்சு எதற்கு?" என்பார் வேறு சிலர். உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்திருக்கிறது. ஆனால் தண்டனைக்கு அஞ்சுபவன் போலீஸ் இல்லாத சாலையில் அஞ்ச மாட்டான். கணக்குத் தெரிந்தவன் எந்தச் சாலையிலும் அஞ்சுவான். ஆகவேதான் பேசுகிறேன்.

என் மருமகன் கம்பெனி ஸ்பிரிங்குக்கும் கம்பெனி அளவு வீலுக்கும் திரும்பிவிட்டான். "இப்ப வண்டி ஒட்டகம் மாதிரி நிக்குது மாமா" என்று குறைப்பட்டுக்கொள்கிறான். நிற்கட்டும். அறுத்த விளிம்பை மட்டும் திரும்ப ஒட்ட முடியவில்லை. அதில் துரு ஏறிவிட்டது. அம்மா இன்னும் அந்தப் பக்கம் உட்கார மறுக்கிறார்.

மாற்றுக் கருத்துள்ளோர் தாராளமாக வாருங்கள். வரும்போது ஒரு அளவு டேப்பையும் எடுத்துவாருங்கள்.