புதிய நூற்புழு இனத்துக்குப் பெயரிடும் முன்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஈரமண் நிறைத்த டப்பாவில் நாலைந்து மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களை விட்டு மூடி வைத்தால், மண்ணில் பூச்சியைத் தாக்கும் நூற்புழு இருக்கும் பட்சத்தில் இரண்டு மூன்று நாளில் அவை செத்துக் கிடக்கும். உடல் செங்கல் நிறமானால் ஹெட்டெரோராப்டிடிஸ். இருட்டறையில் உற்றுப் பார்த்தால் மங்கலாக ஒளிரவும் செய்யும். பழுப்போ சாம்பலோ என்றால் பெரும்பாலும் ஸ்டைனெர்னிமா. பேரினத்தைக் கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்வதில்தான் அவசரப்படுகிறோம்.

ஒரே மரபணுப் பகுதியில் தெரியும் சிறு வேறுபாட்டையோ, தொற்றுநிலை இளம்புழுவின் சில மைக்ரோமீட்டர் நீளக் குறைவையோ மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவிக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு. செத்த புழுவிலிருந்து முதலில் வெளிவரும் இளம்புழுக்களும், உள்ளே உணவு தீர்ந்த பின் வெளிவருபவையும் ஒரே நீளம் இருப்பதில்லை. எந்த நாளில் சேகரித்தோம் என்று குறிக்காத அளவீட்டை நம்பி இனம் பிரிக்க முடியாது.

கோயம்புத்தூரில் கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து கிடைத்த நூற்புழுவை 1992இல் போய்னார், கருணாகர், டேவிட் மூவரும் விவரித்தனர். அன்று இட்ட பெயர் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகஸ். பேரினப் பெயர் பெண்பால் என்பதால் பிறகு இண்டிகா ஆனது. 1994இல் ஹவாயிலிருந்து ஹவாயியென்சிஸ் என்று விவரிக்கப்பட்டதும் இதே இனம்தான் என்று பின்னர் முடிவானது. டெல்லி மண்ணிலிருந்து 2000இல் பெயர் பெற்ற ஸ்டைனெர்னிமா தெர்மோஃபிலமும், 1997இல் ஓமனிலிருந்து விவரிக்கப்பட்ட அப்பாசியும் ஒன்றே என்று பிற்காலத்தில் கருதப்பட்டது. ஒரே இனம் இரு பெயரில் உலவினால், அதன் வெப்பத் தாங்குதிறனும் அது கொல்லும் பூச்சிகளும் இரண்டு கணக்கில் பதிவாகும். வேர்ப்புழுவுக்கு எதை விடுவது என்று கேட்கும் விவசாயிக்கு நாம் சொல்லும் பதிலும் தடுமாறும்.

இரண்டு வளர்ப்பும் ஒரே இனமா என்ற ஐயத்தைத் தீர்க்கக் கலப்புச் சோதனை பெரிதும் உதவும். ஆண் சேராத பெண் புழுவை மற்ற வளர்ப்பின் ஆணோடு, பூச்சிக் குருதிநீரின் ஒரு துளியில் விட வேண்டும். குஞ்சு வருகிறதா, வந்தது மேலும் பெருகுகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பக்கமும் உயிருள்ள வளர்ப்பு தேவை.

பல்லுயிர்ச் சட்டம், 2002இன் 39ஆம் பிரிவு, புதிய இனம் கண்டவர் அதை அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்கச் சொல்கிறது. அது அவசியம், ஆனால் போதாது. கண்ணாடித் தகட்டில் பதித்த புழு குஞ்சு பொரிக்காது. வகை மாதிரியோடு உயிர் வளர்ப்பையும், நூற்புழு சுமக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.

சிறிய கல்லூரி ஆய்வகங்களுக்கு இது பாரம் என்பதை அறிவோம். வாராவாரம் புழு வளர்ப்பதும், குளிர்பெட்டிக் குளிர் ஆகாத இண்டிகாவைக் காப்பதும் எளிதல்ல. வசதி இல்லாதவர்கள் தாங்கள் பிரித்தெடுத்ததை எண்ணிட்டு, கிடைத்த இடமும் பயிரும் குறித்து வெளியிடட்டும். அதுவும் முழுமையான ஆய்வுதான். ஒப்பிடக் கேட்பவருக்குத் தங்கள் வளர்ப்பிலிருந்து ஒரு குடுவை இளம்புழு அனுப்புவதை எங்கள் உறுப்பினர்கள் கடமையாக ஏற்றிருக்கிறார்கள். அனுப்பும் செலவு சங்கத்தைச் சேர்ந்தது.