குறுங்குழல் துப்பாக்கியின் உறுப்பிலக்கணம்

பகுபதத்தின் உறுப்புகள் ஆறு என்று ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று அவர்களும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஒப்பிப்பது எளிது, எந்தப் பகுதிக்கு எந்த இடைநிலை பொருந்தும் என்று அறிவதில்தான் இலக்கணம் தொடங்குகிறது. 'ஓடு' என்பது 'இன்' ஏற்று 'ஓடினான்' ஆகும். 'உண்' என்பது 'ட்' ஏற்று 'உண்டான்' ஆகும். 'இன்' அழகாக ஒலிக்கிறது என்பதற்காக 'உண்ணினான்' என்று எழுதுபவனுக்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை.

துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுந்து நன்னூலில் தொடங்குவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். குறுங்குழல் துப்பாக்கிக்கு உறுப்புகளைத் தெரிவு செய்வதில் பிறர் பட்ட பாடும் நம் நாடு பட்ட பாடும் இந்த ஒரு பாடத்துக்குள் அடங்கும் என்பது நம் கருத்து. சிறந்த உறுப்புகளைச் சேர்த்தால் மட்டும் சிறந்த கருவி வந்துவிடாது.

அமெரிக்காவில் யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்த துப்பாக்கியின் வழிவந்தவை ஏஆர்-15, எம்16, எம்4 ஆகியன. இவை இரண்டு கூடுகளாகப் பிரியும். விசையும் கைப்பிடியும் கீழ்க்கூட்டில் இருக்கும். குழல், பூட்டு, வாயு செல்லும் சிறு குழாய் ஆகியவை மேற்கூட்டைச் சேர்ந்தவை. மேற்கூட்டை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதால், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக்கொள்ளும் பழக்கம் அந்நாட்டில் பெருகியது. பட்டியலைப் புரட்டி, இந்த நிறுவனத்தின் குழல், அந்த நிறுவனத்தின் பூட்டு என்று பொறுக்குகிறார்கள். அக்காணொளிகளை நம் ஊர் இளைஞர்களும் வியந்து பார்க்கிறார்கள்.

இதில் முதலில் மறக்கப்படுவது தோட்டா. எம்16 துப்பாக்கியின் குழல் 20 அங்குலம். 5.56 மி.மீ. தோட்டாவின் வெடிமருந்து அந்த நீளத்தைக் கருத்திற்கொண்டு அளவிடப்பட்டது. அதன் பிற்காலக் குண்டு அந்தக் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 940 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். எம்4இன் 14.5 அங்குலக் குழலில் இவ்வேகம் 900க்குக் கீழே இறங்குகிறது. 10 அங்குலத்தை ஒட்டிய குழலில் 800 என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. இலேசான அந்தக் குண்டுக்கு வேகமே வலிமை. எரிந்து தீராத மருந்து குழலின் வாயில் தீப்பிழம்பாகவும் பேரோசையாகவும் வெளியேறுகிறது. மூடிய அறைக்குள் அதைச் சுடுபவனின் கண்ணும் காதும் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது காலக் கணக்கு. குண்டு குழலின் ஒரு துளையைக் கடந்ததும் வாயு அத்துளை வழியே திரும்பி வந்து பூட்டைத் திறக்கிறது. துளையைக் கடந்த பின் குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும் இமைப்பொழுதில்தான் வாயுவுக்கு அழுத்தம் உண்டு. குழலைக் குறுக்கினால் அந்த இமைப்பொழுதும் குறுகும். துளையை வாய்ப்பக்கமிருந்து பின்தள்ளி வைத்தால் வாயு மிகுந்த அழுத்தத்தோடு, உரிய நேரத்துக்கு முன்பே வந்து மோதும். ஆகவே துளையின் அளவு, பூட்டின் எடை, சுருள்வில்லின் விறைப்பு, வெற்றுத் தோட்டாவை இழுத்தெறியும் கொக்கி என எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வகம் 2000ஆம் ஆண்டை ஒட்டி எம்4இன் குழலை 10.3 அங்குலமாகக் குறுக்கியபோது பட்ட பாடு இதுதான். ஒன்றை வெட்டினார்கள், பலவற்றை மாற்ற நேர்ந்தது.

இனி நம் நாட்டுக் கதை. இன்சாஸ் துப்பாக்கியைப் பார்த்தவர்கள் அதில் பல நாட்டு உறுப்புகளின் சாயலைக் காண்பார்கள். உடற்கூடு ருஷ்யக் கலாஷ்னிகோவை ஒத்தது; வாயுவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கியை நினைவூட்டுவது; இழுப்புப்பிடி ஜெர்மானியத் துப்பாக்கிகளைப் போல இடப்புறம் முன்தள்ளி அமைந்தது. கடன் வாங்குவதை நாம் குறை சொல்லவில்லை. வடசொற்களைக் கடன் வாங்கிய தமிழ் அவற்றைத் தன் எழுத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. அவ்வாறு திருத்திக்கொள்ளும் உழைப்பு இங்கே போதிய அளவு நிகழவில்லை என்பதே குறை. 1999இல் கார்கிலின் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் கண்டதாகச் செய்திகள் வந்தன. மேகசின் மிக எளிய உறுப்புதான். ஆனால் மலையுச்சியில் நின்றவனுக்கு அதுவே உயிர்நிலை.

அதே காலத்தில் 5.56×45 தோட்டாவைக் கொண்டே கார்பைன் என்னும் குறுந்துப்பாக்கியையும் செய்துவிட முயன்றார்கள். சோதனைகளில் அது தேறவில்லை. அதன் பிறகு புணே ஆய்வகத்தார் எடுத்த முடிவு நம்மை மிகவும் கவர்கிறது. குழலோடு மல்லுக்கட்டுவதை விட்டு, தோட்டாவையே குறுக்கினார்கள். 5.56×30 என்ற புதிய தோட்டா அமைந்தது. அதைச் சுற்றி இன்று ஜேவிபிசி எனப்படும் கார்பைன் உருவானது. 200 மீட்டருக்குள் பயன்படுவதற்கென்றே செய்த கருவி அது. பகுதிக்கு ஏற்ற இடைநிலை என்பது இதுதானே? காவல் படைகள் சில அதனை ஏற்றன. ஆனால் தரைப்படைக்குத் தன் பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவே கார்பைனிலும் வேண்டியிருந்தது. கிடங்கில் ஒரே வகைத் தோட்டா இருப்பது போர்க்களத்தில் பெரும் வசதி என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. அந்த வசதிக்கு ஓசை, தீப்பிழம்பு, வேக இழப்பு என்ற விலை உண்டு என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும் என்கிறோம்.

முடிவெடுக்க எடுத்துக்கொண்ட காலம்தான் பெருங்கொடுமை. 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் காரகால் நிறுவனத்திடம் 93,895 கார்பைன்கள் வாங்கத் தெரிவு நடந்தது. 2020இல் அது கைவிடப்பட்டது. இடையில் சிப்பாயின் கையில் இருந்தது, அவன் தந்தையின் தலைமுறைக்கு உரிய 9 மி.மீ. ஸ்டெர்லிங். பட்டியலில் உள்ள எல்லாச் சிறப்பும் ஒரே கருவியில் வேண்டும் என்று கேட்பவர், எந்தக் கருவியும் இல்லாமல் நிற்பவரின் நிலையை எண்ணவில்லை.

காணொளி பார்க்கும் இளைஞர்க்கும் ஒரு சொல். அமெரிக்காவிலேயே 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைஃபிளை 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதையே குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்த அளவுத் தண்டனை ஏழாண்டுச் சிறை. இங்கே இது வீட்டுக் கொட்டகையில் செய்து பார்க்கும் வேலையன்று. அவ்வாறு இருப்பதே நன்று என்பதும் நம் கருத்து.

ஆர்வமுடையோர்க்கு நேரிய வழி இல்லாமலில்லை. விருத்தாசலத்திலிருந்து இரயிலேறினால் அரியலூர் வழியே சென்றடையும் திருச்சியில், 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து நகரங்களுள் திருச்சியும் ஒன்று. சிறு பட்டறைகளுக்கு அங்கிருந்து உறுப்பு வேலைகள் வரட்டும். வரும்போது வரைபடத்தில் அளவை மட்டும் கொடுத்து அனுப்பாமல், அந்த உறுப்பு எதனோடு சேர்ந்து என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளர்க்கு இது புதிய செய்தியன்று. மண்ணும் நல்ல மண்ணாக இருக்கலாம். மேற்பூச்சும் விலையுயர்ந்ததாக இருக்கலாம். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மேற்பூச்சு மண்ணைவிட மிகுதியாகச் சுருங்கினால், கலம் முழுதும் மயிரிழை வெடிப்பு ஓடிவிடும். அப்போது மண்ணையும் பழிக்க முடியாது, பூச்சையும் பழிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து எண்ணாமல் தெரிவு செய்தவரே விடை சொல்ல வேண்டும். கலம் உடைந்தால் வேறு வனைந்துகொள்ளலாம். எல்லையில் நிற்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.