கல் உப்பும் கல்லாமையும்

சென்ற திங்களில் ஒருநாள், நம் வகுப்பு மாணவர் 42 பேரிடமும் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். நாளை வரும்போது ஏடு கொண்டு வந்தால் மட்டும் போதாது, வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி உப்பும் காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள் என்றோம். தமிழாசிரியருக்கு உப்பு எதற்கு என்று பின்வரிசையிலே ஒரு முணுமுணுப்பு! எழுந்த சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம்.

மறுநாள் மேசைமீது 42 பொட்டலங்கள். ஊர்ச் செவிலியர் அம்மையாரிடம் இரவலாகப் பெற்ற சிறு புட்டி நம் கையில். அதிலிருந்து ஒரு துளி விட்டால், அயோடின் கலந்த உப்பு நீலமாகும்; கலவாத உப்பு வெளுத்தது வெளுத்தபடியே கிடக்கும். துளி விட்டோம், ஒவ்வொன்றாக. 19 பொட்டலங்கள் நிறம் மாறவில்லை. "எங்கள் வீட்டு உப்புத்தான் வெள்ளை, ஐயா! அதுதான் சுத்தம்!" என்று ஒரு சிறுமி கைகொட்டி மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சி நம் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது.

நம் வகுப்பறைக் கணக்கை விட்டுவிடுங்கள். அஃது ஓர் ஊர்க் கணக்கு. நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2018-19-இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட அயோடின் கணக்கெடுப்பு சொல்வதென்ன? போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் வீடுகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 76.3. தமிழ்நாட்டில் 61.9. வரிசையில் கடைசி இடம் எந்த மாநிலத்துக்கு? உப்பே விளையாத மலைநாட்டுக்கா? இல்லை, தூத்துக்குடியும் வேதாரணியமும் வாலிநோக்கமும் வெண்மலையாய் உப்பைக் குவித்து வைத்திருக்கும் நம் நாட்டுக்கு! 1930-இல் உப்பெடுக்கக் கால்நடையாய்க் கடற்கரைக்கு நடந்த நாட்டுக்கு!

இதற்குக் காரணம் வறுமையா? அன்று, கல் உப்பு உண்ணும் வீடுகளிலே மாடிவீடுகளும் உண்டு. காரணம் ஒரு பேச்சு. மேடையிலும் திண்ணையிலும் கைப்பேசியிலும் ஓயாது ஒலிக்கும் பேச்சு. 'கல் உப்பே இயற்கை உப்பு. பொட்டல உப்பு நஞ்சு. அயோடின் என்பது அந்நியன் சதி. கடலிலே இல்லாத அயோடினா? நம் முன்னோர் எந்தப் பொட்டலத்தை வாங்கினர்?' பேசுவோர் படியாதவரல்லர். பட்டம் பெற்றோரும் பேசுகின்றனர். இன்னும் சற்று வசதி கூடியவர், இந்துப்பு வாங்கிக் கண்ணாடிக் குடுவையில் நிரப்பி, விருந்தினர் கண்ணில் படும்படி வைக்கின்றனர்.

கடலிலே அயோடின் உண்டு, மறுக்கவில்லை. எவ்வளவு உண்டு என்று கேட்டதுண்டா? கலைப்பட்டம் பெற்ற நமக்கே விளங்கும் கணக்கு இது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதே லிட்டரில் அயோடின் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம். பாத்தியிலே நீர் வற்றும்போது ஒரு துளி அயோடினும் வீணாகாமல் உப்போடு தங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். (தங்குவதில்லை.) அப்போதும் 10 கிராம் உப்பிலே கிடைப்பது 17 மைக்ரோகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 150. கருவுற்ற தாய்க்கு 250! இயற்கை உப்பை அள்ளி அள்ளித் தின்றாலும் கணக்கு நேராகாது. இரத்தக் கொதிப்புத்தான் வரும்.

அந்த 150 மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாத அளவு. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து நான்கு கிராம் கூட ஆகாது. ஒரு தேக்கரண்டி! அந்த ஒரு தேக்கரண்டி குறைந்தால் கழுத்திலே கழலை தொங்கும். கழலையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு கொடிது. கருவிலே இருக்கும் குழந்தையின் மூளை, தாயின் தைராய்டுச் சுரப்பை நம்பி வளர்கிறது. அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். மிகவும் குறைந்தால் குழந்தை செவிடாய், ஊமையாய், வளர்ச்சி குன்றிப் பிறக்கும். சற்றே குறைந்தால் பார்வைக்கு நலமாகவே பிறக்கும், பாடம் மட்டும் ஏறாது. நம் போன்ற ஆசிரியர் அக்குழந்தையை 'மக்கு' என்போம். பிறகு, 'தலையெழுத்து' என்று ஊர் சொல்லும். தலையிலே எழுதியவன் எவனும் இல்லை, தோழர்களே! அடுக்களையிலே எழுதப்படுகிறது அது.

இந்த அறிவு மனிதனுக்கு எப்படி வந்தது? அங்கேதான் இருக்கிறது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

1811. பிரான்சு நாடு போரிலே மூழ்கியிருந்த காலம். வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பாரிசிலே பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடியுப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கடற்பாசியை எரித்த சாம்பலே அவருடைய மூலப்பொருள். அவருடைய செப்புக் கொப்பரைகளை ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்தச் சாம்பற் கரைசலில் கந்தக அமிலம் சற்று மிகுதியாக விழுந்துவிட்டது. ஊதா நிற ஆவி குபீரென்று எழுந்து, குளிர்ந்த இடத்திலே கருமையான பளபளக்கும் படிகமாகப் படிந்தது. நம் ஊராயிருந்தால் என்ன செய்திருப்போம்? கொப்பரைக்குத் திருட்டி கழித்து எலுமிச்சம்பழம் நறுக்கியிருப்போம். அவர் அந்தப் படிகத்தை ஆராய்ந்தார். கைப்பொருள் போதாமல் நண்பர்களுக்குக் கொடுத்து ஆராயச் செய்தார். 1813-இல் கே-லுசாக் அதைப் புதிய தனிமம் என்றார். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த அந்நாளிலே, ஆங்கிலேயரான டேவி, நெப்போலியனின் இசைவோடு பாரிசுக்கு வந்து அதே படிகத்தை ஆராய்ந்தார்! கண்டுபிடித்த கூர்த்துவாவோ 1838-இல் ஏழையாய் மாண்டார்.

பீரங்கிக்காகக் காய்ச்சிய கொப்பரையில் பிறந்த பொருள், 1820-இல் செனீவாவில் குவாந்தே என்னும் மருத்துவர் கைக்கு வந்தது. எரித்த கடற்பஞ்சின் சாம்பலைக் கழலைக்குக் கொடுப்பது பழைய வைத்தியம். அந்தச் சாம்பலில் வேலை செய்வது அயோடினாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார், கொடுத்துப் பார்த்தார், கழலை சுருங்கிற்று. முன்னோர் பெருமை பேசுவோர் இங்கே முகம் மலர்வர்: 'பார்த்தீர்களா, பழைய வைத்தியம்!' ஆம், பார்த்தோம். பழையதிலே உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மை எத்தனையோ நூற்றாண்டு சாம்பலிலே புதைந்து கிடந்தது; எது மருந்து, எது வெறுஞ்சாம்பல் என்று பிரித்துக் காட்டியது ஆராய்ச்சி. அளவறியாமல் மிகுதியாகக் கொடுத்து, அதனால் தீங்கு விளைந்து, அயோடினுக்கே கெட்ட பெயர் வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அளவைக் கற்க இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று. 1895-இல் பௌமன் தைராய்டுச் சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். 1918-இல் சுவிட்சர்லாந்து மலையூர் ஒன்றில் பயார்து என்னும் மருத்துவர் உப்பிலே நுண்ணளவு அயோடினைக் கலந்து சில குடும்பங்களுக்குக் கொடுத்து அளந்தார். 1922-இல் அந்நாட்டின் ஒரு மாநிலத்தில் அவ்வுப்பு விற்பனைக்கே வந்தது. கழலை அறுப்பதிலே பெயர்பெற்ற மருத்துவர் சிலரே அங்கும் அதனை எதிர்த்தனர் என்பதை நம் எதிரிகளின் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

கழலைப்பட்டை நம் இமயத்தின் அடியிலும் உண்டு. 1956-இல் காங்கிரா பள்ளத்தாக்கிலே, இராமலிங்கசாமி என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் நிலத்தை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, நடுப்பகுதிக்கு வெற்றுப்பு. ஆறாண்டு சென்றது. அயோடின் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெற்றுப்பு உண்ட பகுதியில் குறையவேயில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் தரப்பட்டது, அங்கும் குறைந்தது. அந்த ஆறாண்டிலே நடுப்பகுதித் தாய்மார் கொடுத்த விலையை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. அந்த விலை கொடுத்துப் பெற்ற அறிவைத்தான் இன்று 'சதி' என்று ஒரு சொல்லிலே ஊதித் தள்ளுகிறார்கள்!

கொப்பரைத் தொழில் பொறியியல், பாசிச் சாம்பல் கடல் வேதியியல், கழலை மருத்துவம். மூன்றும் ஒரே கதை. கடலையும் மருத்துவத்தையும் கட்டும் கயிறு இன்னும் உண்டு. மண்டபம் கடலிலே இடுப்பளவு நீரில் முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் நம் பெண்கள் அறிவார்களா, அவர்கள் பறிப்பது எதுவாகிறது என்று? அகர் ஆகிறது, ஆய்வுக்கூடத்திலே நோய்க்கிருமியை வளர்க்கும் படுக்கையாகிறது. 1881-இல் கோக்கின் ஆய்வுக்கூடத்திலே, வெயிலில் உருகிப்போகும் கூழோடு ஆய்வாளர் ஒருவர் அல்லாடியபோது, அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் அவருடைய மனைவி, பேனி எசே. அடுக்களையிலே இனிப்புக் கூழ் செய்யக் கற்ற வித்தை அது! 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையிலே கோக்கு அகரைக் குறிப்பிட்டார். அம்மையார் பெயரைக் குறிப்பிடவில்லை. பெண் சொன்ன சொல்லைத் தின்றுவிட்டுப் பெயரை மறப்பது எந்நாட்டுக்கும் பொது போலும்.

இனி, எதிர்ப்பாளர் சொல்வதில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் நாம் செவி சாய்க்கிறோம். பொட்டல உப்பு என்றால் பெருமுதலாளிக்கு ஆதாயம், சிறு உப்பளக்காரனுக்கு அழிவு என்கிறார்களே, அதற்கு. கொதிக்கும் வெயிலில், உப்பு நீரில் பாதம் வெடிக்கப் பாத்தி வாரும் தொழிலாளியின் கூலி நமக்கும் கவலை. ஆனால் மருந்து என்ன? அயோடினைத் தள்ளுவதா? ஒரு டன் உப்புக்கு வேண்டிய பொட்டாசியம் அயோடேட்டு ஏறத்தாழ 50 கிராம். நம் ஈரக்காற்றிலும் எளிதில் கெடாதது என்பதால்தான் அயோடைடை விட்டு அயோடேட்டைத் தேர்ந்தனர் வேதியியலார். கரைத்துத் தெளித்துக் கலக்க ஒரு கலவைப் பொறி போதும். கூட்டுறவுக்கு ஒரு பொறியை அரசு தரட்டும், அயோடேட்டையும் தரட்டும், கல் உப்பையே கலந்து விற்கட்டும். யார் வேண்டாம் என்றது? சட்டமோ இருக்கிறது: அயோடின் இல்லா உப்பை உண்பதற்கு விற்கலாகாது என்று 1997-இல் தடுத்தார்கள், 2000-இல் தடையை நீக்கினார்கள், 2006-இல் மீண்டும் தடுத்தார்கள். கடையிலே கல் உப்பு மூட்டை வாய்பிளந்து நிற்கிறது. 'தொழிலுக்கு மட்டும்' என்று எறும்பெழுத்திலே ஒரு வரி. அதைப் படித்துவிட்டா குழம்பு வைக்கிறார்கள் நம் தாய்மார்?

உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்வதையும் சிலர் துணைக்கு இழுக்கின்றனர். குறையுங்கள்! நாளொன்றுக்கு 5 கிராம் உண்டாலும், கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பாயின் 150 மைக்ரோகிராம் வந்துவிடும். தைராய்டு நோய்க்கு ஏற்கெனவே மருந்துண்போர் தம் மருத்துவரைக் கேட்கட்டும்; கைப்பேசியைக் கேட்க வேண்டாம்.

கைகொட்டி மகிழ்ந்த அந்தச் சிறுமியின் தாயார், மூன்றாம் நாள் பள்ளி வாயிலில் நம்மை மறித்தார். "உப்பிலே என்ன குறை கண்டீர்கள், ஐயா? என் மாமியார் காலத்திலிருந்து இதே உப்புத்தான்" என்றார், சினத்தோடு. வயிற்றிலே ஏழு மாதம். வகுப்பிலே கூறியதையெல்லாம் வாயிலிலேயே நின்று கூறினோம். நம்பினாரா என்று முகத்திலே தெரியவில்லை. நேற்று அச்சிறுமி மீண்டும் ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள்; வேறு கடை உப்பாம். துளி விட்டோம். மங்கலாக நீலம் பாரித்தது, ஆழ்ந்த நீலமன்று. மூடி வையுங்கள், ஈரத்தில் வைக்காதீர்கள், சமைத்து இறக்கும்போது போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தனுப்பினோம். புட்டியிலே இன்னும் சில துளிகள் இருக்கின்றன. வரும் திங்களன்று அடுத்த வகுப்பின் பொட்டலங்கள் வருகின்றன.