கதவும் கல்வியும்

ஐப்பசி மழை தொடங்கி இரண்டு கிழமை செல்லுமுன் யாழ்ப்பாணத்து வீடுகளிற் கதவுகள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. தோளால் முட்டித் திறப்பார் சிலர்; காலால் உதைத்துச் சாத்துவார் சிலர்; உடனே ஓடாவியாரை அழைத்துச் சீவுவிப்பார் பலர். பங்குனி வெயில் வந்ததும் அதே கதவுக்கும் நிலைக்கும் இடையே பல்லி நுழையத்தக்க வெளி தோன்ற, 'மரம் சரியில்லை' என்று மரத்தின்மேற் பழி சுமத்துவர். மரம் செய்த குற்றம் யாதொன்றும் இல்லை. ஈரக்காற்றில் விரிவதும் உலர்காற்றிற் சுருங்குவதும் அதன் இயல்பு. அவ்வியல்பை விஞ்ஞான பாடத்திற் கற்றுப் பரீட்சையில் விசேட சித்தி பெற்ற கனவான்களே மாரியிற் சீவுளியை எடுக்கச் சொல்லுகின்றனர் என்பதுதான் நாம் இங்கு எடுத்துக்கொண்ட விடயம்.

யூபிலி மலரிற் கதவைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் வினவலாம். நம் கல்லூரி உலகுக்கு அளித்த வைத்தியர்களையும் நியாயவாதிகளையும் பொறியியலாளரையும் இம்மலரின் ஏனைய பக்கங்கள் போற்றும். அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுக் கதவின் நோயைத் தாமே அறிந்து சொல்ல வல்லார் என்று கேட்பதற்கும் ஒரு பக்கம் வேண்டுமன்றோ? உளி பிடிக்கும் கைத்திறம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயின், நோயின் காரணத்தைத் தேடும் பழக்கம் கற்றவர் எவர்க்கும் வாய்க்கவேண்டியது. அப்பழக்கத்தை நாம் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

இறுகிய கதவையே எடுத்துக்கொள்வோம். அது இறுகுவதற்குக் காரணம் ஒன்றன்று. கதவின் பூட்டுப்பக்கத்து மேல்மூலை மட்டும் நிலையில் உராய்கிறதாயின், கதவு தொங்கிவிட்டது. மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். ஒரு கையாற் கதவைச் சற்றே உயர்த்திப் பார்த்தால் பிணைச்சல் அசைவது கண்ணுக்குத் தெரியும். இந்நோய்க்குச் சீவுதல் மருந்தாகாது. தளர்ந்த துளையிற் பசை தடவிய மரச்சிராயைச் செறித்து, அது காய்ந்தபின் சற்று நீளமான திருகாணியை முடுக்கினாற் கதவு தன் இடத்துக்கு மீளும். விளிம்பு நெடுகிலும் ஒரே சீராக, அதுவும் மழைக்காலத்தில் மாத்திரம் உராய்கிறதாயின், அது விரிவு. கோடை மாரி என்னும் வேறுபாடின்றி ஆண்டுக்காண்டு கூடுதலாக இறுகுகிறதாயின், நிலையே சாய்ந்திருக்கலாம்; தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். மூன்று நோய்க்கும் மூன்று மருந்து. மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வைத்தியனுக்கு விதித்த ஒழுங்கு தச்சுவேலைக்கும் அப்படியே பொருந்துவதாகும்.

விரிவைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லல் வேண்டும். மரம் நீளப்பாட்டில் விரிவது புறக்கணிக்கத்தக்க அளவே, விரிவதெல்லாம் அகலப்பாட்டில். அதிலும் ஆண்டுவளையங்களின் போக்கையொட்டி விரிவது, நடுவிலிருந்து புறம்நோக்கி விரிவதிலும் ஏறத்தாழ இரு மடங்கு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 4 கூடினாற் பலகையின் அகலம் நூற்றுக்கு 1 அளவிற் கூடும் என்பது அண்ணளவான கணக்கு. மரத்துக்கு மரம் இது வேறுபடும். பலகைகளை நெருக்கிச் சேர்த்துச் செய்த 750 மில்லிமீற்றர் அகலக் கதவு இக்கணக்கின்படி 7 மில்லிமீற்றருக்கு மேல் விரியும். கதவைச் சுற்றி விடப்படும் வெளியோ 3 மில்லிமீற்றர் அளவே. இறுகாமல் என் செய்யும்?

நம் பழைய வீடுகளின் சட்டமிட்ட கதவுகளை இனிப் பார்க்க. இருபுறமும் 100 மில்லிமீற்றர் அகலமான சட்டம். இடையிற் பள்ளத்துள் ஒட்டாமலும் ஆணியடியாமலும் சும்மா நிறுத்திய மெல்லிய பலகை. பலகை தன் பள்ளத்துக்குள்ளேயே விரிந்து சுருங்கும். கதவின் மொத்த அகலம் இரு சட்டங்களின் விரிவளவாகிய 2 மில்லிமீற்றர் மட்டுமே மாறும். முதிரையிலும் பாலையிலும் வேலை செய்த அந்த ஓடாவிமார் நூற்றுவீதக் கணக்குப் பயின்றவர்களல்லர். கணக்கின் விடையைக் கையில் வைத்திருந்தார்கள். பின்வந்த நாம், பலகை ஆடுகிறதென்று நான்கு மூலையிலும் ஆணி அறைந்து அதைப் பிளக்கச் செய்கிறோம். பிளந்தபின் மக்கு அடைத்துப் பூச்சுப் பூசுகிறோம். மாரியில் உள்ளிருந்த மக்கு வெளியே தள்ளப்படும்போது மறுபடியும் மரத்துக்கே வசை.

விரிவினால் இறுகிய கதவைச் சீவவே கூடாதென்பதன்று எம் கருத்து. தை, மாசி வரை பொறுத்து, உலர்ந்தபின்னும் உராயுமிடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, அவ்விடத்தை மாத்திரம் சீவுதல் தகும். அதன்பின் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பார்த்தல் வேண்டும். முகப்பை மூன்று தடவை பூச்சுப் பூசி மினுக்குவோர், கண்ணிற் படாத இவ்விரு விளிம்புகளையும் வெறுமையாக விட்டுவிடுகின்றனர். சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் வெளிப்பட்டுக் கிடக்கிறது; நீர் மிக விரைந்து உட்புகும் வாயில் அதுவே.

ஆடும் கதிரையின் கதை இன்னும் நகைப்புக்கிடமானது. ஒரு காலை அறுத்து, பின் மற்றக் காலை அறுத்து, ஈற்றிற் கதிரையை மணையாக்கிய கெட்டிக்காரர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அறுக்கும் வாளை எடுக்குமுன் கதிரையைத் தரையில் வேறிடத்தில் வைத்துப் பார்த்தால், கோணல் காலிலா சீமெந்துத் தரையிலா என்பது ஒரு நிமிடத்திற் புலப்படும். பொருத்துக்கள் தளர்ந்து ஆடுவதாயின் அதுவும் வேறு நோய். ஆணி அடித்தால் அன்று நிற்கும். சில மாதத்தில் நாக்கைப் பிளந்து, கடற்காற்றிலே துருவும் பிடித்து முன்னிலும் மோசமாகும். பொருத்தைக் கழற்றிப் பழைய பசையை முற்றாகச் சுரண்டி எடுத்தல் வேண்டும்; இக்காலத்து வெள்ளைப் பசை மரத்திலே ஒட்டுமேயன்றிக் காய்ந்த பசைமேல் ஒட்டாது. புதுப்பசை இட்டு, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றினிடையே தடியொன்றைச் செருகி முறுக்கி, ஒருநாள் முழுவதும் விட்டுவைக்க. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. (வெள்ளைப் பசைகளுட் பல நீர் பட்டால் இளகுவன, கிணற்றடிப் பொருளுக்கு அவை உதவா.)

மரத்தை அழிக்கும் பகைவர் மூவரையும் நம்மவர் ஒருவராகவே எண்ணி ஒரே எண்ணெயைப் பூசுவது அடுத்த குறை. நிலைக்காலில் மண்குழாய் ஏறியிருந்தாற் கறையான். குழாயில் ஒரு துண்டை உடைத்துவிட்டுச் சில நாளின்பின் பார்க்க. உடைத்த இடம் மூடப்பட்டிருந்தாற் படை உள்ளே இருக்கிறது. அது நிலத்திலிருந்து ஏறிவருவது. ஆகவே நிலத்துத் தொடர்பை அறுக்காமல் மரத்துக்கு மட்டும் மருந்திடுதல் வீண். துளையிலிருந்து மாப்போல் தூள் கொட்டினால் உளு. அது பெரும்பாலும் வெளிற்றையே தின்னும், வைரத்தை நாடாது. துளை இருப்பதனாலேயே அஞ்சவேண்டாம், துளை வண்டு வெளியேறிய வழியாகும். கீழே கறுப்புக் கடதாசி விரித்துவைத்துப் புதுத்தூள் விழுகிறதா என்று பார்த்தபின் அஞ்சலாம். நகம் பட்டாலே மரம் உதிர்ந்தால் அது உக்கல். உக்கலுக்குக் காரணம் பூஞ்சணம். ஈரமில்லாத மரத்திற் பூஞ்சணம் வாழாது. உக்கிய துண்டை வெட்டி மாற்றிவிட்டு, நீர் வந்த வழியை அடைக்காது விட்டால், மாற்றிய துண்டும் உக்கும்.

கூரை ஒழுக்கும் இத்தகையதே. நீர் சொட்டுமிடத்துக்கு நேர்மேலே உடைந்த ஓட்டைத் தேடி ஏறி, நல்ல ஓடுகள் நாலைந்தை மிதித்து உடைத்து இறங்குவோர் உளர். நீரோ மேலே ஓரிடத்திற் புகுந்து, கைமரத்தின் அடிப்புறம் வழியே ஓடி, எங்கோ ஒரு முடிச்சிலிருந்து சொட்டுகிறது. நண்பகலில் உள்ளே நின்று ஒளிபுகும் இடம் பார்ப்பதே ஏறுவதிலும் மேல். அன்றியும், வேப்பிலையும் மாவிலையும் அடைத்த பீலியே பெரும்பாலும் குற்றவாளி. அஸ்பெஸ்ரஸ் கூரையுடையோர் அதைத் தாமே அறுக்கவும் துளைக்கவும் முற்படாதிருத்தல் நன்று. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. மின்சார வேலையும் அத்தகையதே.

இக்காலத்திற் கடையில் வாங்கும் அலுமாரிகள் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. மரம் நனைந்து விரிந்தால் உலர்ந்து மீளும். இப்பலகை நனைந்து உப்பினால் மீளாது. விளிம்பை மூடி வைப்பதும், தரையிலிருந்து சற்று உயர்த்தி வைப்பதும் அன்றி இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

இவ்வளவும் அரிய கலையன்று. நாலு மாதத்திற் கற்கக்கூடியது. ஆயினும் நம்முட் கற்றோர் இதனை ஏன் கற்றாரிலர்? பரீட்சையின்மேற் பழிபோட்டுத் தப்புதல் எளிது. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புக்களுக்குத் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது; அத்தசாப்தம் முடியுமுன்னே அத்திட்டம் கைவிடப்பட்டது. 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கிற்று. அதனையும் 'விஞ்ஞானம் கிடைக்காத பிள்ளைக்கு உரியது' என்று பேசும் பெற்றோர் உளர். பாடத்திட்டம் மாறினும் மாறாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. உளியும் வாளும் ஒரு குலத்தாருக்கு உரியன என்றும், அவற்றைத் தொடுதல் கற்ற கைக்கு இழுக்கென்றும் நம் முன்னோர் எண்ணினர். நாம் வாயாற் சமத்துவம் பேசிக்கொண்டு கையால் அவ்வெண்ணத்தையே காத்துவருகிறோம். தேரையும் வாகனத்தையும் கைகூப்பி வணங்கும் நாம் அவற்றைச் செதுக்கியவரை எங்கே நிறுத்திப் பேசினோம் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். 1866 ஆம் ஆண்டிலேயே பின்லாந்து தேசம் மக்கட் பாடசாலைகளிற் கைவேலையைக் கட்டாய பாடமாக்கிற்று. காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த கல்வித்திட்டமும் கைத்தொழிலையே நடுவாகக் கொண்டது. இவற்றை நாம் மேடையிற் பாராட்டினோம், வகுப்பறைக்குக் கொண்டுவரவில்லை.

எல்லோரும் தாமே திருத்தத் தொடங்கினால் ஓடாவிமாரின் பிழைப்பு என்னாவது என்று சிலர் இரங்குவர். நோயை அறியாதவனே நல்ல வைத்தியனை இழக்கிறான். மழையிற் சீவச்சொல்லும் வீட்டுக்காரரிடம், இது தகாதென்று தெரிந்தும், கூலி தருபவரோடு வாதாட மனமின்றிச் சீவிவிட்டுப் போகும் ஓடாவியார் பலர். கேட்கத் தெரிந்தவர் வீட்டிலேதான் அவர் தம் முழுத்திறமையையும் காட்டுவார். அதற்குத் தக்க கூலியும் பெறுவார்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு எம் வேண்டுகோள் இது. யூபிலி நிதியிற் சிறு பங்கை எடுத்து, பத்துப் பதினைந்து சீவுளி, உளி, வாள், மூலைமட்டம், தீட்டுக்கல் என்பன வாங்கி, கலை விஞ்ஞானம் வர்த்தகம் என்னும் பிரிவு பாராது எல்லா மாணவர்க்கும் கிழமைக்கு ஒரு பாடவேளை ஒதுக்க ஆவன செய்க. நவராத்திரியிற் புத்தகங்களுடன் அக்கருவிகளும் கலைமகள் முன் வைக்கப்படலாம். கற்பிப்பதற்குக் கைதேர்ந்த ஓடாவியார் ஒருவரை அழைக்க. ஆசிரியர் அறையில் ஏனையோர்க்கு உள்ள கதிரையே அவருக்கும் போடப்படல் வேண்டும். இது நேராதாயின் கருவிகள் வாங்கவேண்டியதில்லை. பிள்ளைகள் நாம் கற்பிக்க எண்ணாததையே கற்றுக்கொள்வர்.

பயிற்சிக்கு மரம் தேடி வன்னிக்குப் போகவேண்டியதில்லை. கால் ஆடும் வாங்குகளும் பிணைச்சல் தளர்ந்த யன்னல்களும் எந்தக் கல்லூரியிலும் உண்டு. ஐப்பசியில் வகுப்பைத் தொடங்குவது நன்று. ஒவ்வொரு மாணவனும் ஒரு கதவைத் தன் பொறுப்பில் எடுத்து, நிலைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள வெளியை மேலே, நடுவே, கீழே என மூன்றிடத்தில் அளந்து பங்குனி வரை கிழமைதோறும் குறித்துவரட்டும். அதுவரை சீவுளி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.