ஒட்டு பிடிக்கட்டும்



திருவட்டாற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், நாளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தாலும் அதுவே காப்பாற்றும் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னாராம். ரப்பர் ஷீட் விற்ற காசோடு கழுத்துச் சங்கிலியையும் விற்றுக் கட்டிவிடவா என்று கேட்கிறார்.

வேண்டாம் மக்களே, சங்கிலி கழுத்திலேயே கிடக்கட்டும்.

ரப்பர் தோட்டத்தில் ஒட்டு கட்டுவதைப் பார்த்திருப்பாய். நாற்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் கண்ணை வைத்துக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரிக்கையில் பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்; அதை வைத்துச் செய்யும் மாற்று சிகிச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். கடும் மருந்தால் நோயுற்ற மஜ்ஜையை அழித்துவிட்டு, கொடையாளரின் ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றுகிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது அணுக்கள் தலைகாட்டும். மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் அவை தேடி அழிக்கும்.

பிறந்த குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வருவது மிக அபூர்வம். வந்தால், பெரும்பாலும் 11ஆம் குரோமோசோமில் கருவிலேயே நேர்ந்த உடைவுதான் காரணம். அதே பழுது அந்தக் குழந்தையின் கொடி ரத்தத்திலும் இருக்கலாம். நோயுற்ற மரத்தின் கண்ணை அதே மரத்தில் ஒட்டி என்ன பயன்? எதிர்காலக் காப்பீடாகத் தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை. மூத்த பிள்ளைக்கு நோய் இருந்தால் மட்டும் கதை வேறு. 1988இல் பாரிஸில் ஒரு சிறுவனின் பரம்பரை ரத்தநோயைத் தீர்த்தது தங்கையின் கொடி ரத்தம்.

கைக்குழந்தைகளுக்கு முதலில் கீமோதெரபிதான். ஆபத்து மிகுந்தவர்களுக்கே மாற்று சிகிச்சை. கீமோவோடு பிளினாடுமோமாப் என்ற மருந்தும் தந்த 2023 ஆய்வில், 30 கைக்குழந்தைகளில் ஈராண்டு உயிர்வாழ்வு நூற்றுக்கு 93. மாற்று சிகிச்சைக்கு நாம் வெளிநாடு ஓடவும் வேண்டாம், வேலூர் சி.எம்.சி. 1986 முதலே செய்துவருகிறது.

தட்டுப்பாடெல்லாம் பொருந்தும் கொடையாளருக்குத்தான். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. பாதி பொருந்தும் பெற்றோரும் இப்போது கொடுக்கிறார்கள். அதுவும் கூடாதபோது முன்பின் தெரியாத ஒருவர்தான் கதி. 2009இல் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற பதிவேடுகள் அவரைத் தேடித்தருகின்றன. பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.

உன் வீட்டு இளவட்டங்களிடம் இதைச் சொல். எங்கோ ஒரு பிள்ளைக்கு ஒட்டு பிடிக்க, கண் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

பிள்ளைக்குப் பேரிட்டதும் எழுது.

அன்புடன்,
ஆசிரியர்