பேரணிக்கு மறுநாள்

ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்புக்கான சர்வதேச நாள். அன்று காரைக்கால் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காலை வெயிலில் வரிசையில் நிற்கவைத்து, கையில் அட்டையைக் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துப் போவார்கள். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே போவார்கள். போகும் வழியில் மதுக்கடை இருக்கும். அது மூடியிருக்காது. அதிகாரிகள் உறுதிமொழி வாசிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் வரும்.

இரண்டு வருடம் முன்பு இப்படி ஓர் ஊர்வலம் போனபோது என் சித்தப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அட்டை பிடித்துப் போனவர்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. இவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாளாம். அன்று சாயங்காலம் போனில் சொன்னார்: “அதுங்க சொல்றது சரிதாம்ப்பா. கெட்டுப்போயிட்டேன், எனக்கே தெரியும். எங்க போறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறானே.”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கூகுளில் தேடினேன். நட்சத்திரங்கள் அதிகம் வாங்கியிருந்த ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தைப் பிடித்தேன். காரைக்காலுக்கு வெளியே, டெல்டாவுக்குள். பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கான பணத்தை முன்பணமாக அனுப்பினேன். வீட்டுக்கே வண்டி வந்தது. நாலு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் ராத்திரி அவருக்கு வலிப்பு வந்தது. அங்கே மருத்துவர் இல்லை. ஒன்பதாம் நாள் பார்க்கப்போன சித்தி வாசலிலிருந்தே கூப்பிட்டாள்: “தம்பி, முதுகெல்லாம் கன்னிப்போயிருக்குப்பா. அடிச்சிருக்கானுங்க. நான் கூட்டிட்டு வந்துர்றேன்.”

கூட்டிவந்த பதினோராம் நாள் சித்தப்பா மறுபடி குடித்தார்.

அரசு மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது; 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. குடிக்கு அங்கே போகலாம் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. குடி எங்களுக்கு ஒரு கெட்ட குணம். குணத்துக்கு ஆஸ்பத்திரி உண்டா? பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடப் பேரணிகளும் எங்களுக்குக் கற்றுத்தந்தது அதைத்தான். குடிக்காதே என்று சொன்னார்கள். குடிக்கிறவன் என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்: விழிப்புணர்வு வேறு, சிகிச்சை வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாகக் கணக்குக் காட்டுவதை நாம் அனுமதித்துக்கொண்டிருக்கிறோம்.

*

வருடக்கணக்காகக் குடிக்கிற உடம்பு திடீரென்று குடி நின்றால் தாங்காது. முதல் நாள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாட்களில் இன்னும் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இதைத் தடுக்கும் மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியைச் சரியான நேரத்தில் போட்டால் நிரந்தர மூளைப் பாதிப்பைத் தவிர்க்கலாம். ஒரு படுக்கை, ஒரு செவிலியர், பத்து நாட்கள். அவ்வளவுதான் முதற்கட்டம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: மாதக்கணக்கில் பேச்சு, தேவைப்பட்டால் மாத்திரை, தவறி விழுந்தால் திட்டாமல் திரும்பக் கூப்பிட ஓர் ஆள்.

சட்டமும் இதை நோய் என்றே சொல்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. மனநல நிலையங்கள் பதிவு செய்யப்படவேண்டும். யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

சங்கிலி பற்றிய அந்த வரிக்குப் பின்னால் நம் கடற்கரை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலிக்குப் பதிலாகப் பூட்டு வந்திருக்கிறது. தர்காவுக்கும் குணசீலத்துக்கும் அழைத்துப்போனவர்களைப் படிக்காத சனம் என்று பேசிய நான், ஜிபேயில் பணம் அனுப்பி அதே பூட்டை வாங்கினேன்.

*

இனி கணக்குக்கு வருவோம்.

2015-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு: லட்சம் பேருக்கு 43.2. அந்த வருடம் நாட்டின் சராசரி 10.6. பதிவு ஒழுங்காக நடக்கும் சிறிய பிரதேசம் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நான்கு மடங்கை முழுக்கப் பதிவேட்டின் தலையில் கட்டமுடியாது.

2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு சொன்னது: இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். என் தொழிலில் 38 கோரிக்கைகளில் 37 தோற்றுப்போகும் அமைப்பை யாரும் ‘இயங்குகிறது’ என்று சொல்லமாட்டார்கள். அதை நிறுத்திவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக என்ன உடைந்தது என்று தேடுவார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கு இது. புதுச்சேரி அரசுக்குக் கலால் வருவாய் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதுகெலும்பு. காரைக்கால் சின்ன மாவட்டம்; 2011 கணக்கெடுப்பில் சுமார் இரண்டு லட்சம் பேர். நாகூர்க்காரர்கள் எல்லை தாண்டினால் வாஞ்சூர். அங்கே என்ன வரிசையாக இருக்கிறது என்பது டெல்டாவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடையும் கள்ளுக்கடையும் எங்களிடம் ஏலம் விட்டுச் சட்டப்படி நடக்கின்றன.

விலையைத் தொடவே முடியாது, தொட்டால் பிரதேசமே படுத்துவிடும் என்பது பழைய பாட்டு. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வரக்கூடாது என்பதற்காகச் சிறப்பு வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கினார்கள். 2021-ல் அந்த வரியை எடுத்தார்கள். கொரோனா எல்லை தாண்டிவிடும் என்ற பயத்துக்கு விலை ஏறியது, குடிநோய்க்கு ஏறவில்லை. முடியாது என்பது இல்லை, வேண்டாம் என்பதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நான் மதுவிலக்குக் கேட்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது நமக்கு நினைவிருக்கிறது. கடையை மூடினால் நோயாளி காணாமல் போவதில்லை. இன்னும் மோசமான கடைக்குப் போகிறான். விலையை மட்டும் ஏற்றினாலும் போதாது. புதிதாகக் குடிக்க வருகிறவனை அது தடுக்கும். ஏற்கெனவே அடிமையானவன் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தில் கைவைப்பான். சிகிச்சை தராமல் வரியை மட்டும் ஏற்றுவது நோயாளியிடமே வசூல் செய்வது.

*

‘மனநல மருத்துவர்களே இல்லையே, யாரை வைத்துச் செய்வது?’ இது உண்மையான கேள்வி. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இதற்குப் பதில் இன்னொரு முன்னாள் ஐரோப்பியக் குடியேற்றத்தில், மலிவு விலை மதுவுக்குப் பெயர்போன இன்னொரு கடற்கரையில் இருக்கிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, மருத்துவப் பின்னணியே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அபாயகரமாகக் குடிக்கும் ஆண்களிடம் பேசவைத்தது. அதிகபட்சம் நான்கு அமர்வுகள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் அபாயக்கோட்டுக்குக் கீழே வந்தார்கள். இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர். இந்தப் பரிசோதனையின் முடிவுகள் லான்செட் இதழில் வெளிவந்தன.

பத்து சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். நூறு வீடுகளில் பத்து வீடு அது. நாலு அமர்வுக்கு அது பெரிய எண். கடுமையாக அடிமையானவர்களுக்கு இது போதாது, அவர்களுக்குப் படுக்கையும் மருத்துவரும் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் யாரை அங்கே அனுப்பவேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்கப்போவது ஊரில் இருக்கும் இந்த ஆள்தான்.

காரைக்காலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு நகராட்சி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். ஆக ஆறு. ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒரு ஆண் ஒரு பெண். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு வருடம் 36 லட்சம். மருந்து, மேற்பார்வை, வண்டி எல்லாம் சேர்த்து இதை மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். கலால் வருவாயில் நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் பத்து கோடி. புதுச்சேரி, மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே மிச்சமிருக்கும்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறதே, 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசலாமே என்பார்கள். நல்ல ஏற்பாடு. எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கதவு. கதவுக்குப் பின்னால் அறை வேண்டும். கைநடுங்கிக்கொண்டிருக்கும் மனிதனிடம் ‘பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று போனில் சொல்லலாம். சட்டையை மாட்டிவிட்டுக் கூடவே பஸ் ஏறுவதற்கு ஊரில் ஆள் வேண்டும்.

*

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? இங்கேதான் எங்கள் ஊரின் பெரிய ஓட்டை. உள்ளாட்சி என்று எளிதாகச் சொல்கிறோம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல், 38 வருடம் கழித்து. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்து நின்றுபோனது. இன்றுவரை கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் குடித்துச் சாகிறார் என்று தெரிந்த ஒரு வார்டு உறுப்பினர், ஓட்டுக் கேட்டு அதே வீட்டு வாசலுக்கு வரவேண்டிய ஒருவர், எங்களுக்கு இல்லை. கடை எங்கே திறப்பது என்பதும் மருந்து எவ்வளவு வாங்குவது என்பதும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் முடிவாகிறது. மாற்றலில் வரும் அதிகாரிக்குப் பேரணி வசதியானது. ஒரே காலையில் முடிந்துவிடும். சிகிச்சை முடிய வருடங்கள் ஆகும். அதற்குள் அவர் வேறு ஊரில் இருப்பார்.

நம் பக்கமும் சுத்தமில்லை. சினிமாவில் குடிகாரன் காமெடியன். இலக்கியக் கூட்டம் முடிந்த ராத்திரிகளில் குடித்தே செத்த கவிஞர்களைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவோம், கையில் கோப்பையோடு. அவர்களின் மனைவிகள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, சித்தியின் போன் வரும்வரை.

சித்தப்பா இப்போது ஓர் அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை போகிறார். நடுவில் இரண்டுமுறை விழுந்தார். போன தடவை போகமாட்டேன் என்று அடம்பிடித்தவரை சித்திதான் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். ஓர் ஊரின் மொத்த மனநலத் திட்டமும் ஒரு பெண்ணின் வலதுகையில் தொங்கக்கூடாது.

அடுத்த ஜூன் 26-க்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் கேட்டு மனு போடப்போகிறேன். கடந்த ஒரு வருடத்தில் காரைக்கால் மாவட்ட அரசு மருத்துவ நிலையங்களில் குடிநோய்க்காகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஆறு மாதம் கழித்தும் வந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? வராமல் போனவர்களைத் தேடிப்போனது யார்? பேரணியில் எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது செய்தித்தாளில் வந்துவிடும். நீங்கள் இருக்கும் மாவட்டத்திலும் இதே மூன்றைக் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.