கழனியிலிருந்து கோட்டைக்கு!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு பொறித்தது. ஊர்ச் சபைக்கு யார் வரலாம்? அதைத்தான் அது சொல்லுகிறது.

வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவி வகித்து, கணக்குக் காட்டாமல் போனவனா? அவன் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் விழாது. அவன் உறவினர் பெயரும் விழாது!

அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? இல்லை. வேதம் படித்தவருக்கு மட்டுமே இடம். ஆனால் கணக்குக் கேட்ட நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கிருந்து தெற்கே, திண்டிவனத்தை அடுத்தது ஓமந்தூர். அங்கே 1895-ம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ராமசாமி ரெட்டியார். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்தார். 1947-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். (முதல்-மந்திரியை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள்.) நாடு விடுதலை பெற்றபோது கோட்டையில் ஆட்சி நடத்தியவர், இந்தக் கிராமத்து மனிதர்தான்!

இரண்டே ஆண்டுகள். அதற்குள் என்னென்ன செய்தார்!

தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் செல்ல 1947-ல் சட்டம் வந்தது. பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக் கட்டும் வழக்கம் அதே ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிக் கேட்ட சட்டம் அது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம்! அதுவரை குடியானவன் உழுதான், ஜமீன்தார் வசூலித்தார். மழை பொய்த்தாலும் பாக்கி நின்றது. இனி நடுவில் ஆள் வேண்டாம், குடியானவன் சர்க்காருக்கே நேராக வரி கட்டட்டும் என்றது சட்டம். ரெட்டியாரும் நிலம் வைத்திருந்தவர்தான். வரப்பில் நடந்தவருக்கு அந்தப் பாக்கியின் சுமை தெரியாதா?

சிபாரிசு என்று வந்தால் அவர் மசியமாட்டார். இது கட்சிக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவி விலகினார். நஷ்டம் அவருக்கு அல்ல, மாகாணத்துக்கே!

பிறகு வடலூர் சென்றார். வள்ளலார் பெயரில் குருகுலம் நடத்தி, ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1970-ல் மறைந்தார்.

சென்னையில் அவர் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில், 2014 முதல் பெரிய அரசு மருத்துவமனை நடக்கிறது. வெளியூரிலிருந்து வரும் நோயாளிகள், "ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்றுதான் வழி கேட்கிறார்கள்.